பெட்டி கட்டுமுன் பல்லையும் காட்டுங்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார், பெற்றோர் கூடிய கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உயர்தரம் சித்தியடைந்த நம் பிள்ளைகள் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் படிக்கப் போகிறார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கும் போகிறார்கள். ஒரு பிள்ளை புறப்பட்டால் லயமே சேர்ந்து வழியனுப்புகிறது. பெட்டி, போர்வை, வாளி என்று பட்டியல் போட்டு, சீட்டுக் காசை எடுத்தோ நகையை அடகு வைத்தோ வாங்கிக் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலில் இன்னுமொன்றைச் சேர்க்கும்படி கேட்கிறோம். புறப்படுமுன் பிள்ளையின் பல்லை டாக்டரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

இந்த வயதில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பாடசாலைப் பல் கிளினிக் சின்னப் பிள்ளைகளுக்கானது. 13 வயதோடு அந்தக் கவனிப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 17, 18 வயதிலோ ஞானப்பல் முளைக்கத் தொடங்குகிறது. இடம் போதாமல் சாய்ந்து முளைத்தால் ஈறு வீங்கும், வாயைத் திறக்கவும் முடியாது. பரீட்சை நேரத்தில் அது வந்தால் பிள்ளை என்ன செய்யும்?

சொத்தை சத்தமில்லாமல் வருகிற நோய். நாம் சாப்பிடும் சீனியை வாயில் உள்ள கிருமிகள் புளிப்பாக்கி, அந்தப் புளிப்புப் பல்லின் மேல்தோட்டை அரிக்கிறது. மேல்தோட்டில் நரம்பு இல்லை, அதனால் வலிக்காது. வலி தெரியும்போது சொத்தை உள்ளே நரம்பை நெருங்கியிருக்கும். ஆகவே "பிள்ளைக்கு வலி இல்லை" என்று இருந்துவிட முடியாது. பல்லில் வெள்ளை அல்லது பழுப்புப் புள்ளி, சாப்பாடு சிக்கும் இடம், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், துலக்கும்போது ஈறில் இரத்தம் இருந்தால் உடனே காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் பல்லை அடைத்துக் காப்பாற்றலாம். பிந்தினால் வேர்ச் சிகிச்சைக்குப் பல தடவை அலைய வேண்டும், இல்லாவிட்டால் பல்லையே பிடுங்க வேண்டும். தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கில் செலவு. மஹாபொல காசில் சாப்பிடுகிற பிள்ளை அதற்கு எங்கே போகும்?

பனடோல் வலியை அடக்கும், சொத்தையை ஆற்றாது. வலிக்கிற பல்லின் மேல் மாத்திரையை வைக்கவே கூடாது, ஈறு வெந்துவிடும். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது விழுங்கக் கஷ்டமாக இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

டிக்கோயா, நுவரெலியா, பதுளை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல் கிளினிக் இருக்கிறது. காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். அம்மா கூடப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். 18 வயதுப் பிள்ளை தனியாகவோ கூட்டாளியோடோ போகட்டும். நாளைக்கு வெளியூரில் தன் காரியத்தைத் தானே பார்க்க அது ஒரு பழக்கமாகவும் இருக்கும். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் கூப்பிடும் வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தாலும் அந்த நாட்கள் போதும்.

பிள்ளைகளே, விடுதிக்குப் போனபின் உங்கள் பல் உங்கள் பொறுப்பு. புளோரைட் உள்ள பற்பசையால் காலையிலும் படுக்கும் முன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவில் துலக்குவதை மட்டும் விடவே கூடாது. கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும். பிரஷ் நார் விரிந்தால் மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். ஒருவர் பிரஷை மற்றவர் பாவிக்க வேண்டாம். இரவிரவாகப் படிக்கும்போது மணிக்கொரு தரம் சீனித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் எடுத்தால், அத்தனை தரமும் பல் அரிபடும். இடையில் பச்சைத் தண்ணீர் குடியுங்கள்.

வெற்றிலை பற்றியும் பேசத்தான் வேண்டும். மலையில் குளிருக்கும் அட்டைக்கும் நடுவே வேலை செய்யும் நம்மவர்களுக்கு வெற்றிலை ஒரு துணை. அதைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. ஆனால் புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. பஸ் ஸ்டாண்டில் விற்கும் பீடாவிலும் பாபுலிலும் பாக்கு இருக்கிறது. வாயில் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறுகுதல் ஆகியவை எச்சரிக்கைகள். பிள்ளையைக் காட்டுகிற அன்றைக்கே பெரியவர்களும் தங்கள் வாயைக் காட்டுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பல் டாக்டரை எதிர்பார்க்க முடியாது. ஆகவே சங்கம் கேட்பது இதுதான்: நடமாடும் பல் கிளினிக் தோட்டத்துக்கு வர வேண்டும், வேலை நாளில் வந்தால் காட்டப் போகிறவருக்குப் பேர் வெட்டக் கூடாது. இந்த வருடம் வெளியூர் போகவிருக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொரு கமிட்டியும் எழுதித் தரட்டும். பெயர்களோடு போனால்தான் அதிகாரிகளிடம் பேச்சு எடுபடும்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டாம், தோழர்களே. கிளினிக் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, இந்த மாதமே பிள்ளையை அனுப்புங்கள்.