முதுகில் நடக்கும் பேச்சு

 

2023 செப்டம்பர் 26. சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ட்ரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் பிரிவில் இந்திய அணி 209.205 புள்ளிகளோடு தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் நமக்கு அதற்கு முன் தங்கம் கிடைத்தது 1982-இல், டெல்லியில்!

ட்ரெஸ்ஸாஜ் பந்தயம் அல்ல. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு மணல் களம். குதிரை துள்ளி ஓடிக்கொண்டே மூன்று எட்டுக்கு ஒரு தரம் முந்தி வைக்கும் காலை மாற்ற வேண்டும், வரிசையாக ஐந்து முறை. வீரர் வாய் திறந்து அதட்டினால் மதிப்பெண் போச்சு. கால் அழுத்தம், உட்காரும் விதம், கடிவாளத்தில் விரல் அசைவு, இவைதான் பேச்சு. பார்க்கிறவருக்கு வீரர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அந்தச் சும்மாவுக்குப் பல வருஷ உழைப்பு வேண்டும்.

தங்கம் வென்ற அணியில் இருந்தவர்கள் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா. நால்வரும் ஐரோப்பாவில் தங்கி, சீசன் முழுக்கப் போட்டி போட்டியாக இறங்கித் தேறியவர்கள். அனுஷ் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களம் கண்டார். ஒலிம்பிக் ட்ரெஸ்ஸாஜில் அவர்தான் முதல் இந்தியர். நம்ம ஊர்ப் பிள்ளைகள் கடல் தாண்டாமலே இதைக் கற்கும் வசதி பெருக வேண்டும் என்பது என் ஆசை.