சிவப்பு விளக்கு சொல்லும் சேதி



அம்பாசிடர் கார் எல்லோருக்கும் தெரியும். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் அது தயாரானது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சி என்றாலே இந்தக் கார்தான் நினைவுக்கு வரும். 2014-ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் பழைய வண்டியைப் பேணிக் காத்து ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஓட்டுநருக்கு முன்னால் சிறு விளக்குகள் இருக்கும். அவற்றில் இரண்டு மிக முக்கியமானவை. ஒன்று ஆயில் விளக்கு. மற்றொன்று சார்ஜ் விளக்கு.

ஓர் ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது ஆயில் விளக்கு எரிகிறது. "சும்மா எரிகிறது. பெரிய தொல்லை" என்று சொல்லி, பல்பைக் கழற்றி எறிகிறார். விளக்கு போய்விட்டது. கோளாறு போகவில்லை. ஆயில் இல்லாமல் இன்ஜினின் உள்பாகங்கள் உரசித் தேய்கின்றன. ஒருநாள் நடுவழியில் இன்ஜின் இறுகி நின்றுவிடும். சிறிய செலவில் முடிந்திருக்கும் வேலை, பல நாள் பிழைப்பையே கெடுத்துவிடும்.

இந்த விளக்குகள் எப்படி வேலை செய்கின்றன?

இன்ஜினில் ஒரு சிறிய ஆயில் சுவிட்ச் உண்டு. ஆயில் அழுத்தம் இல்லாதபோது விளக்கு எரியும். அழுத்தம் வந்ததும் அணையும். சார்ஜ் விளக்கும் இதுபோலத்தான். டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் அது அணையும்.

ஆகவே முதல் சோதனை மிக எளிது. சாவியைத் திருப்புங்கள். வண்டியைக் கிளப்ப வேண்டாம். இரண்டு விளக்கும் எரிய வேண்டும். கிளப்பியதும் இரண்டும் அணைய வேண்டும்.

சாவி போட்டும் எரியவில்லையா? "நல்லது, கோளாறு இல்லை" என்று நினைக்காதீர்கள். காவல்காரர் தூங்குகிறார் என்று பொருள். ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் அதன் பல்பை முதலில் பாருங்கள். இரண்டுமே எரியாவிட்டால் ஃபியூஸையும், இரண்டுக்கும் பொதுவாக வரும் வயரையும் பாருங்கள். சில ஆல்டர்னேட்டர்களில் சார்ஜ் பல்பு போனால் சார்ஜ் ஆவதே நின்றுவிடும்.

பல்பு சரி, ஆனால் ஆயில் விளக்கு எரியவில்லையா? இன்ஜின் ஓடாதபோது சாவியைப் போடுங்கள். ஆயில் சுவிட்சின் வயரைக் கழற்றி இன்ஜின் இரும்பில் தொடவையுங்கள். விளக்கு எரிந்தால் வயர் நல்லது, சுவிட்ச் கெட்டது. எரியாவிட்டால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. வேறு எந்த வயரையும் இப்படித் தொடவைக்கக் கூடாது.

ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் என்ன செய்வது? உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சிறிது நேரம் கழித்து அளவுக் கம்பியில் ஆயிலைப் பாருங்கள். பிறகு சாவியை மட்டும் போட்டு, சுவிட்ச் வயரைக் கழற்றுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால், வயரின் தோல் கிழிந்து பாடியில் படுகிறது. அணைந்தால் வயரில் குற்றமில்லை. சுவிட்சும் கெட்டிருக்கலாம், அழுத்தமும் குறைந்திருக்கலாம். மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் பம்பும் நின்றுவிடும், இன்ஜின் சூடேறும். பெல்ட் நன்றாக இருந்தால் வயர் முனைகளைப் பாருங்கள். பூஞ்சை போலப் பச்சையாகப் படிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்குங்கள். அதன்பின் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டர் வையுங்கள். சுமார் 14 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஆகிறது. 12 வோல்ட்டிலேயே நின்றால் ஆகவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை வைக்கும் முன், பாடியோடு சேரும் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸையே போடுங்கள். தடித்த கம்பியைச் சுற்றினால் வயர் உருகித் தீப்பிடிக்கும்.

நண்பர்களே, தினமும் காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி அந்த விளக்குகளைப் பாருங்கள். அவை எரிய வேண்டிய நேரத்தில் எரிகின்றனவா? அணைய வேண்டிய நேரத்தில் அணைகின்றனவா? அந்த ஒரு நொடி வண்டியையும் காக்கும், வருமானத்தையும் காக்கும்.