நாடு மறைந்தபின் நின்ற பாட்டு



சில நாட்களுக்கு முன், யூகோஸ்லாவியா என்ற நாடு பிளவுற்ற வரலாற்றை வகுப்பில் கூறிக்கொண்டிருந்தேன். அப்பொழுது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஒரு நாடு உலகப் படத்திலிருந்தே மறைந்துவிட்டால், அந்த நாட்டுப் பாட்டு யாருக்குச் சொந்தம்?" என்று வினவினார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. வீட்டிற்குச் சென்று எண்ணிப் பார்த்தபோது, 'அஸ்ரா' என்னும் இசைக் குழுவின் கதையையே விடையாகக் கூறலாம் என்று தோன்றிற்று. அதனையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இன்று குரோவேஷியாவின் தலைநகராக விளங்கும் சாக்ரெப் நகரில், 1977ஆம் ஆண்டு பிரனிமிர் ஷ்டூலிச் என்ற இளைஞர் இக்குழுவைத் தோற்றுவித்தார். அன்பர்கள் அவரை 'ஜானி' என்று அழைத்தனர். அவர் 1953இல் மாசிடோனியாவைச் சேர்ந்த ஸ்கோப்யே நகரில் பிறந்தவர்; தந்தையார் யூகோஸ்லாவிய இராணுவத்தில் பணிபுரிந்தவர். ஆகவே, ஒரு குடியரசில் பிறந்து மற்றொரு குடியரசில் வளர்ந்த அவருக்கு நாடு முழுவதுமே சொந்த ஊராக இருந்தது.

குழுவின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானியக் கவிஞர் ஹைனே 'அஸ்ரா' என்றொரு கவிதை இயற்றினார். நீரூற்றின் அருகே நாள்தோறும் உலவ வரும் சுல்தானின் மகளைக் கண்டு, ஓர் அடிமை இளைஞன் நாளுக்கு நாள் வெளிறிப் போகிறான். காதல் கொண்டால் உயிர் துறக்கும் அஸ்ரா குலத்தில் பிறந்தவன் அவன். இக்கவிதை மொழிபெயர்க்கப்பட்டுப் பாஸ்னியாவுக்குச் சென்றது. அங்குள்ள மக்கள் அதனைத் தங்கள் நாட்டுப் பாடல்களுள் ஒன்றாகவே பாடத் தொடங்கினர். எழுதியவர் ஒரு நாட்டவர். பாடியவர் மற்றொரு நாட்டவர். மாணவரின் வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதி இப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது அல்லவா?

அக்காலத்து யூகோஸ்லாவியா, ஆறு குடியரசுகள் இணைந்த பொதுவுடைமை நாடு. ஆயினும் அது சோவியத் ஒன்றியத்தின் அணியில் சேரவில்லை. மேனாட்டு இசைக்கு அதன் கதவுகள் திறந்தே இருந்தன. 1947இல் சாக்ரெப் நகரில் தொடங்கப்பட்ட யூகோடோன் நிறுவனம் உள்நாட்டு ராக் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. 1980 மே மாதம், நெடுங்காலம் நாட்டை ஆண்ட தலைவர் டிட்டோ காலமானார். பொருளாதார நெருக்கடி முற்றியது. படித்த இளைஞர் பலர் வேலையின்றித் திரிந்தனர். சாக்ரெப் நகரின் 'ஸ்வெச்கா' என்ற காப்பிக் கடையில் இளைஞர்கள் கூடிப் பேசினர். 'போலெட்' என்ற இளைஞர் இதழ் அவர்களுடைய இசையை 'புதிய அலை' என்று வரவேற்றது. அந்த அலையின் முன்னணியில் நின்றது அஸ்ரா.

ஷ்டூலிச் கிதார் மீட்டிப் பாடினார். மிஷோ ஹர்ன்யாக் பேஸ் கிதார் வாசித்தார். ஓவியக் கலை பயின்ற போரிஸ் லைனர் டிரம் முழக்கினார். மூவர்தாம் குழு. முதன்முதல் இவர்கள் இசையைக் கேட்டபோது, இது மேனாட்டாரைப் பார்த்துச் செய்த நகல் என்றே நான் கருதினேன். பாடல்களின் பொருளை அறிந்தபின் என் கருத்து தவறென்று உணர்ந்தேன். கருவிகள் இரவல், ஆனால் சொற்கள் இரவல் அல்ல. தெருவில் நிற்பவனின் பேச்சையே ஷ்டூலிச் பாட்டாக்கினார். 1979இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் 'நான் என்ன செய்வது?' என்பது ஒரு பாட்டின் தலைப்பு. வேலையற்ற இளைஞனுக்கு அதனினும் நெருக்கமான கேள்வி வேறு எது?

1980 ஆகஸ்டு மாதம் போலந்தின் குடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிலாளரின் பெயரால் ஆண்ட அரசை எதிர்த்துத் தொழிலாளரே எழுந்தனர். 'ஒருமைப்பாடு' என்ற சங்கம் பிறந்தது. மறு ஆண்டு அஸ்ரா வெளியிட்ட 'தெருவின் வெயில் பக்கம்' என்ற இரட்டை இசைத்தட்டில், 'என் நெஞ்சில் போலந்து' என்ற பாட்டு இடம்பெற்றது. வேறொரு நாட்டுத் தொழிலாளருக்காக உருகும் பாட்டுத்தான். ஆயினும், பொதுவுடைமைக் கட்சி ஆளும் நாட்டில், அதைக் கேட்ட இளைஞர்கள் தங்கள் நாட்டையும் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. அவ்வாண்டு டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது; பாட்டோ நிலைத்தது.

குழுவின் உழைப்பு வியப்பூட்டுவது. 1982இல், சாக்ரெப் நகரின் 'குலுஷிச்' மன்றத்தில் பதிவான நிகழ்ச்சிகள் மூன்று தட்டுகளாக வெளிவந்தன; அதே ஆண்டில் மற்றோர் இரட்டைத் தட்டும் வந்தது. இத்தகைய வேகத்தை எவர்தாம் நெடுநாள் தாங்க முடியும்? விரைவில் மூவரும் பிரிந்தனர். ஷ்டூலிச் நெதர்லாந்து நாட்டிற்குச் சென்றார். 1986இல் ஆங்கிலப் பாடல்கள் கொண்ட தட்டு ஒன்றையும் வெளியிட்டார். அது அவருக்கு மேனாட்டில் புகழ் தேடித் தரவில்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். தெருப் பேச்சால் உயிர்பெற்ற பாட்டு, தெருவைவிட்டு அகன்றதும் வாடிற்று என்பது என் எண்ணம். 1980களின் முடிவில் அஸ்ரா ஓய்ந்தது.

1991 ஜூன் 25ஆம் நாள் குரோவேஷியா தன் விடுதலையை அறிவித்தது. போர் மூண்டது, யூகோஸ்லாவியா சிதறியது. ஷ்டூலிச் நெதர்லாந்திலேயே ஒதுங்கி வாழ்ந்தார். பழைய மேடைகளுக்குத் திரும்ப அவர் இசையவில்லை. ஹோமரின் 'இலியட்' காவியத்தைத் தம் மொழியில் பெயர்ப்பதில் ஈடுபட்டார். அந்த மொழியும் இப்பொழுது குரோவேஷியம், செர்பியம், பாஸ்னியம், மாண்டினிக்ரியம் எனப் பல பெயர்கள் பெற்றுவிட்டது. 2003இல் இகோர் மிர்கோவிச் என்பவர் 'புதிய அலை' பற்றி எடுத்த திரைப்படத்தில், தம் இளமைக் காலப் பாடகரைத் தேடி நெதர்லாந்து வரையில் பயணம் செய்கிறார். அத்துணை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் குரலை அம்மக்கள் தேடினர்.

இவற்றையெல்லாம் மாணவரிடம் கூறி, "தம்பி, சாக்ரெப் நகரிலும் பெல்கிரேடிலும் சாரயேவோவிலும், போருக்குப் பின் பிறந்தவர்கள்கூட அப்பாடல்களை அறிவார்கள். பாட்டைத் தங்கள் வாழ்வோடு சேர்த்துப் பாடுகிறவர் எவரோ, அவருக்கே அது சொந்தம்" என்றேன்.

அவர் விடவில்லை. "அப்படியானால், ஒரே பாட்டைப் பாடியவர்கள் ஏன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்?" என்று கேட்டார்.

நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். ஒரே தட்டைக் கேட்டு வளர்ந்த இருவர் எதிரெதிர் அகழிகளில் நின்றிருக்கவும் கூடும். போரைத் தடுக்கும் வலிமை பாட்டிற்கு இருக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், போர் ஓய்ந்தபின் அவ்விருவரும் ஒருநாள் சந்திக்க நேர்ந்தால், இருவரும் பொதுவாக அறிந்த ஏதேனும் ஒன்று எஞ்சியிருக்க வேண்டுமல்லவா? அதனையே அவருக்கு விடையாகக் கூறினேன். அவர் முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நீங்களும் எண்ணிப் பாருங்கள்.