புகார் எந்த வாசலுக்குப் போகிறது?



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள், வெளிக்காட்டு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு தாயார் நம்மைப் பார்க்க வந்தார். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த அவருடைய மகள் இப்போது ஐந்தாம் படிவம் முடித்துவிட்டாள். பட்டாளத்தில் சேர விரும்புகிறாள். தகப்பனாருக்கும் சம்மதம். தாயாருக்கு மட்டும் மனத்தில் ஒரு முள்.

"பிள்ளை தைரியசாலிதான், வாத்தியாரையா. ஆனா அங்கே மேலதிகாரியே தப்பா நடந்துக்கிட்டா, இவ யார்கிட்டே போய்ச் சொல்லுவா? அந்த மேலதிகாரிகிட்டேயேவா?"

நமக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் பாடம் நடத்தக் கற்றுக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட கேள்வியை எதிர்கொள்ள அங்கே பாடம் இல்லை. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தேடிப் படித்தோம். படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அமெரிக்க நாட்டுப் படைகளைப் பற்றியே நாம் பேசப் போகிறோம். அங்கு நடந்த வழக்குகளின் அறிக்கைகளும் தீர்ப்புகளும் ஊரறிய வெளிவந்திருக்கின்றன. ஆகவே அதை ஒரு பாடப் புத்தகம்போல் விரித்துப் பார்க்க முடிகிறது.

நம் வீட்டில் திருட்டுப் போனால் போலீசில் சொல்கிறோம். போலீஸ் விசாரிக்கிறது. வழக்குப் போடுவதா என்பதை அரசாங்க வழக்கறிஞர் முடிவு செய்கிறார். தீர்ப்பை நீதிபதி சொல்கிறார். மூவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் தவறினாலும் இன்னொருவர் இருக்கிறார்.

பட்டாளத்து நீதி அப்படி அமையவில்லை. அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டில் இராணுவ நீதிக்கென்று ஒரு பொதுச் சட்டம் இயற்றினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ நீதிமன்றங்களில் நடந்த விசாரணைகள் பத்து இலட்சத்துக்கும் மேல். அவற்றில் பல தளபதிகளின் விருப்பப்படியே முடிந்தன என்று ஊர் திரும்பிய சிப்பாய்கள் குமுறியதால்தான் அந்தச் சட்டமே பிறந்தது. ஆனாலும் அதன்படி, குற்றம் சாட்டப்பட்டவனை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர் படைத் தளபதிதான். அந்த விசாரணையில் ஜூரிபோல் உட்காரும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. தீர்ப்பு வந்த பிறகு அதைக் குறைக்கவும், ஏன், அடியோடு தள்ளிவிடவும் அவருக்கு அதிகாரம் இருந்தது.

இதை நம் தோட்டத்து வழக்கில் வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிறவர் மண்டோர். எந்த மலைக்கு யாரை அனுப்புவது என்று பிரிப்பவரும் அவரே. அவர்மீது ஒரு பெண் குறை சொன்னால் அது கிராணி வழியாகத் துரையிடம் போகும். அந்த மண்டோரை நம்பித்தான் துரை வேலையை ஓட்டுகிறார். மண்டோர் கெட்டவர் என்று ஒப்புக்கொண்டால், அவரை வைத்திருந்த துரைக்கும் பெயர் கெடும். துரை நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் கையில் இருக்கும் தராசில் ஒரு தட்டு முன்பே சற்றுத் தாழ்ந்திருக்கிறது அல்லவா?

தளபதியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. போர்க்களத்தில் ஆயிரம் உயிர்களுக்குப் பொறுப்பேற்கிறவர் அவர். தண்டிக்கும் அதிகாரம் வேறு எங்கோ இருந்தால் சிப்பாய் அவர் சொல் கேட்கமாட்டான் என்பது அவர்கள் வாதம். அது வெறும் சாக்கு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த ஏற்பாடு நடைமுறையில் என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1991-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லாஸ் வேகாஸ் நகரில், ஹில்டன் ஹோட்டலில், 'டெயில்ஹூக்' என்னும் சங்கத்தின் ஆண்டு மாநாடு நடந்தது. கடற்படை விமானிகளின் சங்கம் அது. இரவு மூன்றாம் மாடி நடைவழியில் அதிகாரிகள் இருபுறமும் வரிசையாக நின்றுகொண்டு, அவ்வழியே சென்ற பெண்களைப் பிடித்து இழுத்து அவமானப்படுத்தினார்கள். வானொலியில் இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை. படித்தவர்கள், பதவியில் உள்ளவர்கள் செய்த காரியம் இது.

அப்படி அகப்பட்டவர்களில் போலா காஃப்ளின் என்ற பெண்மணியும் ஒருவர். கடற்படை லெப்டினன்ட், ஹெலிகாப்டர் விமானி. மறுநாளே தம் மேலதிகாரியான அட்மிரலிடம் முறையிட்டார். அவர் காலத்தோடு நடவடிக்கை எடுக்கவில்லை. பின்னர் அதற்காகவே அவர் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கடற்படையின் சொந்த விசாரணைப் பிரிவு ஏறத்தாழ 1,500 பேரைக் கேட்டுப் பார்த்தது. சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று அது காட்டியது இரண்டே பேரை. ஒரு நடைவழி நிறைய ஆட்கள் நின்றார்கள், கண்டவர்கள் எவருமில்லை!

1992-இல் அந்தப் பெண்மணி தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் நடந்ததைச் சொன்னார். அதே மாதத்தில் கடற்படைச் செயலாளர் பதவி விலகினார். கடற்படைக்கு வெளியே, தற்காப்பு அமைச்சின் தலைமை ஆய்வாளர் விசாரணையைக் கையிலெடுத்தார். 1993-இல் வந்த அவருடைய அறிக்கை, தாக்கப்பட்டவர்கள் 83 பெண்களும் 7 ஆண்களும் என்று கணக்குக் காட்டியது. ஆண்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 140 அதிகாரிகளின் கோப்புகள் மேல் நடவடிக்கைக்குப் போயின.

இராணுவ நீதிமன்றத்தில் எத்தனை பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று தெரியுமா, நேயர்களே? ஒருவர்கூட இல்லை. பாதிக்கு அருகில் சாட்சியம் போதாதென்று கைவிடப்பட்டன. சிலருக்கு அபராதம், சிலருக்குக் கண்டனக் கடிதம். கடைசியாக மூன்று அதிகாரிகளின் வழக்கு மட்டும் நீதிபதி முன் நின்றது. 1994 பிப்ரவரியில் அந்த நீதிபதி, கேப்டன் வில்லியம் வெஸ்ட், அதையும் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணம்தான் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. கடற்படையின் தலைமை அதிகாரியான அட்மிரல் கெல்சோ அந்த மாநாட்டில் இருந்தார், முறைகேட்டைக் கண்டார், பிறகு தாம் சம்பந்தப்பட்ட விவகாரத்தில் தமக்குக் கீழுள்ள ஒருவரையே வழக்கு நடத்தும் பொறுப்பில் வைத்தார் என்று நீதிபதி முடிவு செய்தார். அட்மிரல் அதை மறுத்தார். ஆனால் சில வாரங்களில், காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றார்.

யாருக்கு நீதி கிடைத்தது? முறையிட்ட பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மூவர் குற்றவாளிகளா நிரபராதிகளா என்பதும் தெளியவில்லை. நிரபராதியாக இருந்தவனுக்கும் கறை துடைக்கப்படவில்லை. மேலே இருந்த ஒருவருடைய கை நுழைந்ததால் இரு தரப்பாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். காஃப்ளின் கடற்படையை விட்டு விலகினார். அவர் அந்த ஹோட்டல்மீது சாதாரண வெளி நீதிமன்றத்தில் தொடுத்திருந்த வழக்கு அதே 1994-இல் முடிவுக்கு வந்தது. அங்கே ஜூரிகள் அவருக்குப் பல இலட்சம் டாலர் இழப்பீடு தரும்படி தீர்ப்பளித்தார்கள். அவர் முறையிட்டதை நம்பி முடிவு சொன்னது தளபதிக்குக் கட்டுப்படாத ஒரு மன்றம்.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தையும் பேசவே வேண்டும். அந்தத் தாயாருக்கு ஒரு மகனும் இருக்கிறான். அவன்மேல் நாளைக்குப் பொய்ப் புகார் வந்தால்? மேலிடம் குற்றத்தை மூடி மறைக்க நினைத்தால் பெண்ணுக்கு அநீதி. மேலிடம் நான் கண்டிப்பானவன் என்று காட்ட நினைத்தால் சிப்பாய்க்கு அநீதி. 2013-ஆம் ஆண்டு அதிபர் ஒபாமா, இப்படிப்பட்ட குற்றம் புரிவோர் படையிலிருந்து அவமதிப்போடு வெளியேற்றப்பட வேண்டும் என்று பொதுவில் பேசினார். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் முப்படைக்கும் தலைவர் அவர். அவர் சொல் ஜூரிகளின் காதில் கட்டளையாக விழும் என்று கூறி, ஹவாயில் ஓர் இராணுவ நீதிபதி, இரு கடற்படையினர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானாலும் அவ்விதம் வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிட்டார்.

அதே ஆண்டில் இதற்கு நேர்மாறான சம்பவமும் நடந்தது. இத்தாலியில் இருந்த அமெரிக்க விமானத் தளத்தில் ஓர் உயர் அதிகாரியைப் பாலியல் குற்றத்துக்காக ஜூரிகள் குற்றவாளி என்று கண்டு ஓராண்டுச் சிறை விதித்திருந்தார்கள். ஒரு தளபதி ஒற்றைக் கையெழுத்தில் அதைத் தள்ளிவிட்டார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தைப் பெருமளவு குறைத்தது.

பெரிய மாற்றத்துக்கு மட்டும் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. டெக்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஹூட் முகாமில் வனெஸா கியென் என்ற இருபது வயதுச் சிப்பாய் 2020 ஏப்ரலில் காணாமற் போனார். சக சிப்பாய் ஒருவன் அவரைக் கொன்றிருந்தான் என்பது ஜூன் மாத முடிவில் தெரிய வந்தது. தமக்குத் தொல்லை நேர்ந்ததென்றும், புகார் செய்ய அஞ்சுவதாகவும் அந்தப் பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தார். தொல்லை தந்தவர் வேறொரு மேலதிகாரி என்றும், செய்தி எட்டியும் பொறுப்பிலிருந்தவர்கள் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் இராணுவமே பின்னர் ஒப்புக்கொண்டது. அவருடைய தாயாரும் சகோதரிகளும் விடாமல் தெருவில் நின்றார்கள். அந்த முகாமில் 14 அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள் அல்லது இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

2021 டிசம்பரில் சட்டம் மாறியது. 2022 ஜனவரியில் பாலியல் தொல்லை இராணுவச் சட்டத்தில் தனிக் குற்றமாகப் பெயர் பெற்றது. 2023 டிசம்பர் 28 முதல், கற்பழிப்பு, கொலை போன்ற பெருங்குற்றங்களில் வழக்குப் போடுவதா என்பதைத் தளபதி முடிவு செய்வதில்லை. அவருக்குக் கீழ்ப்படியாத சிறப்பு வழக்கறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். முறையாக எழுதிக் கொடுத்து, உண்மை என்று கண்டறியப்பட்ட தொல்லை வழக்குகளும் 2025 தொடக்கத்திலிருந்து அவர்களிடமே போகின்றன.

இங்கே நம் நாட்டிலும், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருப்பதைச் சொல்லிவிடுகிறோம். பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022-இல் நிறைவேறியது. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024-இல் செயல்படத் தொடங்கியது. முதலாளியைக் கேட்காமலே நேராக அங்கே முறையிடலாம். வக்கீல் பிடிக்கப் பணம் தேட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை.

ஒரு வாரம் கழித்துத் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். மேலே சொன்னதையெல்லாம் அவர்களிடம் சொன்னோம். தாயார் பெருமூச்சு விட்டார். மகள்தான் கேட்டாள்.

"சார், வழக்கை வேற ஆளு பார்க்கிறாரு, சரி. லீவு கொடுக்கிறதும், ராத்திரி வேலை போடுறதும், பதவி உயர்வுக்கு எழுதுறதும் யாரு?"

"அந்த அதிகாரிதானம்மா" என்றோம்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கையிலிருந்த விண்ணப்பத் தாளை மேசைமேல் விரித்து, தகப்பனார் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பார்த்துக் கொடுத்தோம்.