கீமோதெரபியும் நாம் வாங்கித் தரும் மாத்திரையும்

(தாம்பரத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95-ஆம் அதிகாரம். நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்னும் நான்கும் கூடியதே வைத்தியம் என்று வள்ளுவனார் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். அந்நான்காமவராகிய நம்மைக் குறித்தே யாம் இன்று பேசப் புகுந்தோம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய நம் ஊர்களில் ஒரு வீட்டில் புற்றுநோய் கண்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தையோ வேறு மருத்துவமனையையோ நாடுகின்றோம். ஆங்குக் கீமோதெரபி என்னும் இரசாயன சிகிச்சை நடைபெறும். நோயாளி தலைமயிர் உதிர்ந்து, வாய் புண்ணாகி, உணவு செல்லாது மெலிவார். அது கண்டு பொறாத சுற்றத்தார் யாது செய்கின்றனர்? ஒருவர் வைட்டமின் புட்டி வாங்கி வருவார், மற்றொருவர் மஞ்சட் சத்து மாத்திரை, பிறிதொருவர் லேகியம். ‘ஆன்டி ஆக்ஸிடென்ட் நிறைந்தது, கெடுதல் செய்யாது’ என்பர். அன்பினால் செய்வதே, ஆயினும் ஆராய்ந்து செய்வதன்று.

இதன் இயல்பைச் சிறிது விளக்குவோம். நாம் சுவாசிக்கும் பிராணவாயு உணவை எரித்து ஆற்றல் விளைக்குங்கால், ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் அடங்காத் துகள்களும் தோன்றும். துரு இரும்பைத் தின்பது போல் இவை உயிரணுக்களை அரிக்கும். இவை மிகுந்த நிலையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். இவற்றை அடக்குவன ஆன்டி ஆக்ஸிடென்டுகள். ஆனால் டாக்ஸோரூபிஸின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் புற்றணுக்களைத் தாக்கும் வழிகளுள் ஒன்று, இத்துகள்களை அவற்றினுள்ளே பெருக்குதலேயாம். பகைவன் பாசறையில் மூட்டிய தீயை நாமே நீரூற்றி அவித்தல் தகுமோ? அத்தீ இதயம் முதலிய நல்லுறுப்புகளையும் சுடுவதுண்டு. எனினும் அதற்குரிய காப்பு மருந்து இன்னது, இவ்வளவு, இவ்வேளையில் என வரையறுக்க வேண்டியவர் மருத்துவரே.

‘கனியில் உள்ளதுதானே மாத்திரையிலும் உள்ளது?’ என்பாருளர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தது. காரட்டுக்கு நிறந்தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டோர்க்கு நுரையீரற் புற்று குறையவில்லை. 18 சதவீதம் மிகுந்தது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மார்பகப் புற்றுக்குக் கீமோதெரபி பெற்ற 1,134 பேருள், சிகிச்சைக்கு முன்னரும் சிகிச்சையின்போதும் ஆன்டி ஆக்ஸிடென்ட் மாத்திரை உண்டோரிடம் நோய் மீளுதல் மிகுதியாகக் காணப்பட்டது. இது முடிந்த முடிபன்று. எனினும் எச்சரிக்கைக்குப் போதும்.

ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி ஈந்த கதையைப் போற்றும் நாம் நெல்லியை வெறுக்க வேண்டுவதில்லை. உணவில் அளவாகச் சேரும் நெல்லியும் மஞ்சளும் கீரையும் வேறு. சத்தைப் பன்மடங்கு செறித்த மாத்திரை வேறு. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திற்குச் செல்வோரும், கீமோதெரபி நடைபெறுவதை ஆங்குச் சொல்லுதல் வேண்டும். ஆங்குப் பெற்ற மருந்தைப் புற்றுநோய் மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். கடிந்துகொள்வாரோ என அஞ்சி மறைத்தலே பெருந்தீங்கு.

ஆதலின் அன்பர்களே! வீட்டிலுள்ள புட்டிகள் யாவற்றையும் ஒரு பையிலிட்டு, அடுத்த முறை மருத்துவர் முன் வையுங்கள். அவர் கொடுக்கலாம் என்றதைக் கொடுங்கள். வேண்டா என்றதை விடுங்கள். பேணுவோர்க்கு அன்போடு அறிவும் வேண்டும் என்று கூறி, இச்சிற்றுரையை முடிக்கின்றோம்.