நூறு தலைப்பும் ஒரு பிடி உப்பும்

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பேச்சாளன் இல்லை. 2011-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்துவிட்டு, திருப்பூரில் நிட்டிங் மெஷின்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பவன். மெஷின் முன்னால் என்ன பேசினாலும் அது திருப்பிக் கேள்வி கேட்காது. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தும் வந்து நிற்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன், கவலைப்பட வேண்டாம்.

போன வருடக் கூட்டத்தில் நம் சங்கம் ஒரு நல்ல காரியம் முடிவு செய்தது. அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பொது அறிவுக் களஞ்சியம் அச்சிட்டு இலவசமாகக் கொடுப்பது. நூறு பக்கம், பக்கத்துக்கு ஒரு தலைப்பு. அந்த நூறு தலைப்பு எவை எவை என்று பட்டியல் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "நூறுதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை" என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு என் பட்டியலில் 340 தலைப்பு இருந்தது. அடுத்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குறையும் என்று நினைத்தேன், 500-ஐத் தாண்டியது! சிவில் நண்பர் சிமெண்ட் வேண்டுமென்றார். கம்ப்யூட்டர்காரர்கள் பதினெட்டு தலைப்பு கொடுத்தார்கள். ஒருவர் கிரிக்கெட்டுக்கு இரண்டு பக்கம் கேட்டார். இன்னொரு நண்பர் உண்மையாகவே கோபப்பட்டு, "நம்ம ஊர்ல போடற புத்தகத்துல திருப்பூர் குமரனுக்கு ஒரு பக்கம் இல்லையா?" என்று கேட்டார். 1932 ஜனவரியில் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாத மனிதர் அவர். நான் என்ன பதில் சொல்வது? இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை.

பிறகுதான், நமக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். தேடிப் போனால் அது நம்ம வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது!

தமிழில் இப்படிப்பட்ட பெரிய முயற்சிகளில் ஒன்று ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910-ல் வெளிவந்த அபிதான சிந்தாமணி. ஒரு பள்ளித் தமிழாசிரியர் தனி மனிதராகச் செய்த இமாலயச் சாதனை அது. புராணம், இலக்கியம், புலவர், அரசர் என்று அந்தக் காலப் படிப்பாளிக்கு எது தேவையோ அதுவே அதில் பெரும்பகுதி. உலக அறிவு முழுவதற்குமாக ஒன்று வேண்டும் என்று 1947-ல் வேலையை ஆரம்பித்தது தமிழ் வளர்ச்சிக் கழகம். அதை முன்னின்று நடத்தியவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். அவர் 1903-ல் பிறந்த ஊர் எது தெரியுமா? திருப்பூர்! அப்போது அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். முதன்மை ஆசிரியராக அமர்ந்தவர் பெ. தூரன். அவர் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசுக்காரர். பனியன் ஏற்றுமதிக்கு மட்டும்தான் நம்ம சீமை பேர் போனது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தமிழில் உலகத்தையே பத்துப் புத்தகமாகத் தொகுத்தவர்களும் நம்ம சீமைக்காரர்கள்தான்.

கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஒன்பதாவது 1963-ல். பத்தாவதாக இணைப்புத் தொகுதி 1968-ல். அதோடு நிற்காமல் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதி, 1976 வரை. ஆக, தூரன் அவர்களின் வாழ்நாளில் கால் நூற்றாண்டுக்கு மேல் இதற்கே போயிருக்கிறது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்தேன்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது, இன்ஜினியர்களுக்கு உடனே புரியும். அகர வரிசையில் புத்தகம் போட்டால், 'அ' தொகுதி அச்சேறுவதற்கு முன்பே கடைசித் தொகுதிவரை எல்லாத் தலைப்பையும் முடிவு செய்தாக வேண்டும். 'அ'வில் ஒன்று விட்டுப்போனால் திரும்பிப் போய்ச் சொருக முடியாது. முதல் தொகுதி வந்தது 1954-ல். 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. உலகம் நமக்காகக் காத்திருக்குமா? விட்டதையும் புதிதாக வந்ததையும் சேர்க்கத்தான் இணைப்புத் தொகுதி என்று ஒன்று தேவைப்படுகிறது.

இன்னொரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பிரான்ஸ் நாட்டில் 1751 முதல் 1772 வரை தீதரோ என்பவர் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். கட்டுரை 17 தொகுதி, படம் மட்டும் 11 தொகுதி. அவர் அப்பா கத்தி செய்யும் தொழிலாளி. அதனால்தானோ என்னவோ, ராஜா மந்திரி சங்கதியோடு நிற்காமல் பட்டறைத் தொழில்கள் எல்லாம் களஞ்சியத்துக்குள் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதில் இரண்டாம் தொகுதியில் அவரே உட்கார்ந்து விரிவாக எழுதிய கட்டுரை எதைப் பற்றி என்றால், காலுறை பின்னும் மெஷின்! 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ கண்டுபிடித்தது. ஊசி ஊசியாக, வளையம் வளையமாகப் பின்னும் அந்த மெஷின்தான் இன்றைக்கு நம் ஊரில் ஓடும் நிட்டிங் மெஷினுக்குக் கொள்ளுப்பாட்டன். என் பட்டியலில் நிட்டிங் இல்லை, நண்பர்களே. தினம் பார்க்கிற பொருள் அறிவு என்ற கணக்கிலேயே எனக்கு வரவில்லை.

சரி, எதை வைத்துக் குறைப்பது? என் தொழிலிலிருந்தே ஒரு வழி எடுத்தேன். 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் மெஷினில் சுமார் 2,260 ஊசி இருக்கும். ஒரே ஒரு ஊசி உடைந்தால் போதும், ரோல் முழுக்க நீளமாக ஒரு கோடு விழும். மெஷின் கவர் உடைந்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது. கவர்தான் பெரிசு, ஊசி சிறிசு. எது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் கெடும் என்று பார்ப்பதுதான் எங்கள் கணக்கு. அதே கேள்வியை ஒவ்வொரு தலைப்புக்கும் போட்டேன்: "உன்னை எடுத்துவிட்டால் மற்ற 99 பக்கத்தில் எத்தனை பக்கம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகும்?"

இந்தச் சல்லடையில் கிரிக்கெட் விழுந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். குமரன் 'இந்திய விடுதலைப் போராட்டம்' என்ற பக்கத்துக்குள் மரியாதையோடு வந்து அமர்ந்தார். முக்கியமானவர் எல்லோருக்கும் தனிப் பக்கம் கொடுக்க முடியாது. எந்தப் பக்கத்தில் அவர் வந்தால் பிள்ளைக்கு விளங்கும் என்று பார்க்க வேண்டும் என்று சொன்னேன். நண்பர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஒருவழியாக நூறுக்குக் கொண்டுவந்து, பெருமையோடு அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அப்பா ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூறையும் விரல் வைத்து வாசித்தார். கடைசியில் கேட்டார்:

"உப்பு எங்கே கண்ணு?"

"அதுக்கு எதுக்குங்கப்பா ஒரு பக்கம்? கடையில பாக்கெட்டாக் கெடைக்குது."

"நம்ம கெணத்துல ஓசியிலயே கெடச்சுதே!"

எனக்குப் பேச்சு வரவில்லை.

திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் ஓரமாக எங்களுக்குக் கொஞ்சம் பூமி இருந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுநீர்த் தேக்கமாக மாறிப்போன கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் கிணற்றிலும் தண்ணீர் கரித்தது. தென்னை குருத்துக் கருகியது. மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அப்பா வெள்ளாமையை விட்டுவிட்டு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தார். அந்தக் கூலியில்தான் இந்தக் கல்லூரிக்கு எனக்கு பீஸ் கட்டினார்.

நாம் எட்டாவது செமஸ்டர் படித்தபோது, 2011 ஜனவரியில், நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும். சாயம் இல்லையென்றால் பனியன் இல்லை. அப்பாவுக்குப் பல மாதம் வேலை இல்லை. அந்தத் தண்ணீர் ஓடியதால் பூமியை இழந்தவர், அந்தத் தண்ணீர் நின்றதால் கூலியை இழந்தார். கடைசி செமஸ்டர் பீஸுக்கு அம்மாவின் தோடு போனது. இதையெல்லாம் மறந்துவிட்டு நான் உப்பைப் பட்டியலிலிருந்து அடித்திருக்கிறேன்! 340-ல் இருந்தது, சின்ன விஷயம் என்று முதல் சுற்றிலேயே வெட்டிவிட்டேன்.

சாயத்தில் உப்பு எதற்கு? பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் எதிர்மின் தன்மை கொள்ளும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைப் போட்டால்தான் சாயம் நூலண்டை போகும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. அடர்ந்த நிறத்துக்கு இன்னும் கூடும். அந்த உப்பு துணியில் தங்காது. அலசும் தண்ணீரோடு வெளியே போய்விடும். இன்றைக்கு சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் வைத்து அதைப் பிடித்து மறுபடியும் சாயத்துக்கே அனுப்புகிறோம். செலவு அதிகம்தான். ஆனால் அந்தச் செலவைத்தான் ஒரு காலத்தில் எங்கள் கிணறு கட்டியது.

இப்போது என் சல்லடைக் கேள்வியை உப்புக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பில் ரத்தம், நரம்பு, சமையலறையில் ஊறுகாய், கருவாடு, கடல், 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த நடை, வேதியியல், சாயம், மண், ஆறு, நீதிமன்றம். நூறு பக்கத்தில் பத்துப் பக்கமாவது உப்பு வழியாகத்தான் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பள்ளிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கும் அது புரியும். சல்லடை சரிதான், ஆனால் அதை நான் மட்டுமே பிடித்துக்கொண்டு சலித்ததுதான் தப்பு. எது பெரிது என்று படித்தவனுக்குத் தெரிகிறது. எது இல்லாமல் முடியாது என்பது இழந்தவருக்குத் தெரிகிறது. பட்டியல் போட இரண்டு பேரும் வேண்டும்.

உப்புக்கு இடம் வேண்டுமே? நான் ஆசையாக வைத்திருந்த 'ஜெட் எஞ்சின்' பக்கத்தை எடுத்து 'எஞ்சின்' பக்கத்துக்குள் நான்கு வரியாக மடக்கினேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. 'பின்னல்' என்று ஒரு பக்கமும் வந்தது. அதற்காகக் கம்ப்யூட்டர் நண்பர்களிடம் ஒரு பக்கம் கடன் வாங்கினேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மலர் உங்கள் கைக்கு வந்ததும் வீட்டில் வைத்து ஒரு தலைப்பு எழுதி அனுப்புங்கள். எதை எடுத்துவிட்டு அதைச் சேர்ப்பது என்பதையும் கூடவே எழுதுங்கள். நூறு என்றால் நூறுதான். எழுதுவதற்கு முன்னால் உங்கள் அப்பா, அம்மா, வீட்டில் வேலை செய்யும் அக்கா, மெஷின் ஓட்டும் தம்பி, யாராவது ஒருவரிடம் பட்டியலைக் காட்டி, "இதுல என்னங்க விட்டுப்போச்சு?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒன்பது தொகுதி எழுதியவர்களே இணைப்புத் தொகுதி போட்டார்கள். நமக்கென்ன வெட்கம்?

சாப்பாடு தயார் என்று சைகை காட்டுகிறார்கள். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.