இனாம் சீட்டும் இனப்படுகொலை நிதியும்

மலைக்கு நடந்து ஏறப் புறப்பட்டு, ஒலிபெருக்கியின் சத்தம் காதில் விழுந்ததும் "இங்கே என்ன தகராறு?" என்று இந்த அலிபிரித் திடலின் ஓரமாக ஒதுங்கி நிற்கும் யாத்ரீகர்களே!

தகராறுதான். மறைப்பானேன்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம்மூரில் ஒரு கச்சேரி நடந்தது. ஈழத்திலே, 2009-ஆம் ஆண்டு மே மாதம், முள்ளிவாய்க்கால் என்னும் ஒரு சிறிய கடற்கரைத் துண்டுக்குள் திரள் திரளான ஜனங்களை நெருக்கித் தள்ளி, அவர்கள் தலைமீது குண்டு பொழிந்தார்களே, அதில் கணவனை இழந்தும் கால் இழந்தும் பிள்ளையைப் பறிகொடுத்தும் உயிரை மட்டும் சுமந்துகொண்டு வெளியே வந்த குடும்பங்களுக்கு உதவி செய்யும் பொருட்டு நடந்த கச்சேரி. பாடிய அம்மையார் சன்மானம் வேண்டாம் என்றார். மிருதங்கக்காரர் பஸ் சார்ஜுகூட வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால், முதல் மூன்று வரிசைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மகானுபாவர்களில் ஒருவராவது காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் அல்லர்! அத்தனையும் பாஸ்! இனாம் பாஸ்!

கல்யாணத்துக்கு இனாமாக வரலாம். கருமாதிக்கு இனாமாக வரலாம். செத்தவனின் பிள்ளைக்குச் சோறு போடுவதற்காக விற்கிற சீட்டை இனாமாகக் கேட்கிறவனை என்ன பெயரிட்டு அழைப்பது? அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் இருக்கிற வார்த்தைகள் எல்லாம் தாய்மார்கள் இருக்கும் சபையில் சொல்லத்தக்கவை அல்ல.

நம்மூரின் சுபாவம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஏழுமலையான் சந்நிதியிலேயே எம்.எல்.ஏ. கடிதம், மந்திரி கடிதம், மந்திரியின் உதவியாளருக்கு உதவியாளர் கொடுத்த கடிதம் என்று சிபாரிசுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பிரேக் தரிசனத்துக்கு ஓடியே பழகிவிட்ட ஊர் இது. இதோ இந்தப் பாதாள மண்டபத்தில் உலோகப் பாதுகையைத் தலையிலே தாங்கி வலம்வந்து, மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறுகிறாளே ஒரு கிழவி, அவளிடத்தில் எந்தக் கடிதமும் இல்லை. பெருமாளைப் பார்க்கவே சிபாரிசு தேடுகிறவன், பிணக்குவியலில் தப்பியவனுக்கு உபகாரம் செய்யவும் சிபாரிசோடுதான் வருவான் என்பதை நாம் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அன்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இந்தப் படிக்கட்டின் அடியிலே தேங்காயும் கற்பூரமும் விற்கிற ஓர் அம்மாள், தெலுங்குக்காரி, இருநூறு ரூபாய்ச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது கீர்த்தனை தொடங்கியபோது ஒரு தொண்டர் வந்தார். அவளை எழுப்பினார். ஏனென்றால், பாஸ் கூட்டம் மூன்று வரிசையிலும் அடங்காமல் நான்காவதிலும் வழிந்துவிட்டது. அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தவர் ஒரு பிரமுகருக்கு மைத்துனர். "பரவாலேது சாமி" என்று சொல்லிவிட்டு அவள் தூணோரம் போய் நின்றாள். உண்டியல் சுற்றி வந்தபோது, ஏற்கெனவே சீட்டு வாங்கியிருந்த அவள், முடிச்சை அவிழ்த்து இன்னுமொரு பத்து ரூபாய் போட்டாள். மைத்துனர்? மேடையும் தன் முகமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும்படி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். உண்டியல் அவரைத் தாண்டிப் போய்விட்டது. இந்த அக்கிரமத்தைப் பார்த்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம்!

"நம்மூரில் ஏழைகள் இல்லையா, கடல் கடந்த துயரம் நமக்கெதற்கு?" என்று கேட்கிறார்கள் சில நண்பர்கள். அவர்கள் நம்மூர் ஏழைக்குக் கொடுத்ததைக் கணக்கெடுத்தால், ஒரு பீடிக்கட்டு வாங்கவும் காணாது. "இதில் அரசியல் கலந்திருக்கிறது" என்று கண்ணைச் சிமிட்டுகிறார்கள் வேறு சிலர். வாக்குச்சாவடிக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு போய் வருகிறவர்களுக்கு அரசியல் என்றால் அவ்வளவு அருவருப்பு! ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவே 2011-இல், அந்தக் கடைசி மாதங்களில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று எழுதிவிட்டது. கனடா நாட்டின் பாராளுமன்றம் 2022-இல், மே 18-ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பனிப்பிரதேசத்து வெள்ளைக்காரனுக்கு எட்டிய சேதி, பழந்தமிழ் நூல்கள் தமிழகத்தின் வடக்கெல்லையாகச் சொன்ன இந்த வேங்கடத்தின் அடிவாரத்துக்கு மட்டும் எட்டவில்லை போலும்!

ஈழத்தவர் நமக்கு அந்நியரா? யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுத் தஞ்சாவூர்க்காரனே வாயடைத்து நின்ற காலம் ஒன்று உண்டு. அந்த யாழ்ப்பாணத்தின் நூலகத்தைத்தான் 1981-இல், ஏறத்தாழ 97,000 புத்தகங்களோடு கொளுத்தினார்கள். புத்தகத்தை எரித்த நெருப்பு அத்தோடு அணைந்ததா? 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் மனிதர்கள்மீதே பற்றிக்கொண்டது. அந்த நெருப்புக்குத் தப்பி ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதோ கும்மிடிப்பூண்டி முகாமில் இன்றும் அகதி என்ற பெயரோடு வளர்கிறார்கள். சரி, இதை விரித்தால் விடிந்துவிடும். மறுபடியும் கச்சேரிக்கு வருகிறேன்.

1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்ததைச் சிறிது கேளுங்கள். கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய படுகொலைக்கு அஞ்சி ஒரு கோடி ஜனங்கள் நம் தேசத்துக்குள் அகதிகளாக வந்து சேர்ந்த வருஷம் அது. பண்டிட் ரவிசங்கர் மனம் பொறாமல் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். அந்த அகதிகளுக்காக மாடிசன் சதுக்க அரங்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் சுருதி சேர்த்து முடித்தவுடனேயே சபையோர் கச்சேரி முடிந்ததாக எண்ணிக் கைதட்டிவிட்டார்களாம். சுருதியே இவ்வளவு பிடித்துவிட்டதென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். நம் முதல் வரிசைக்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. அவர்கள் சுருதிக்கும் கைதட்டவில்லை, பாட்டுக்கும் கைதட்டவில்லை, தங்களுக்குப் பொன்னாடை போர்த்தியபோது மட்டும் கைதட்டினார்கள்!

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நியூயார்க் கச்சேரியின் வாசல் வசூல் எவ்வளவு தெரியுமா? 2,43,418 டாலர் 50 சென்ட். அந்த ஐம்பது சென்ட் வரையில் எழுதிவைத்து ஐ.நா. குழந்தைகள் நிதியிடம் ஒப்படைத்தார்கள். அதே கச்சேரியின் இசைத்தட்டுகள் பெரும்பணம் சம்பாதித்தன. ஆனால், வரிவிலக்குக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தவறிய காரணத்தால் அந்தப் பணம் வருஷக்கணக்கில் வரி இலாகாவின் பிடியில் சிக்கிக்கொண்டது. பசித்த குழந்தைக்கு மீசை முளைத்த பிறகு பால் வந்து என்ன பிரயோஜனம்? உலகமே கொண்டாடிய கச்சேரிக்கே ஒரு காகிதம் பிசகியதால் இந்த கதி என்றால், பாதிச் சபைக்குப் பாஸ் கொடுத்து, மீதிப் பாதியின் பணத்தில் பொன்னாடை வாங்கிய நம் கச்சேரியின் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கும்?

ஆம், பொன்னாடை! பிரமுகர்களுக்குப் பொன்னாடை, பிரமுகர்களின் சகலைகளுக்குப் பொன்னாடை, வரவேற்புரை என்ற பெயரில் முக்கால் மணி நேரம் தம் சொந்த ஜீவிய சரித்திரத்தை வாசித்த என் அருமை நண்பருக்கு இரட்டைப் பொன்னாடை! அவர் பேசி முடித்தபோது, அடுத்த நிதி உதவிக் கச்சேரியை அவர் பேச்சைக் கேட்டவர்களுக்காகவே நடத்தலாம் போலிருந்தது. அந்தப் பொன்னாடைகளின் விலையில் ஒரு பிள்ளைக்குப் பொய்க்கால் வாங்கியிருக்கலாம், ஐயா!

இந்தத் திருப்பதியில் எம்.எஸ். அம்மாளுக்குச் சிலை வைத்திருக்கிறோம். 1944-இலேயே கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் பாடித் தந்த புண்ணியவதி. சுப்ரபாத இசைத்தட்டின் ராயல்டியைத் திருமலை வேதபாடசாலைக்கு எழுதிவைத்த கை அது. அந்தச் சிலைக்கு மாலை போடுகிற கையே மறுநாள் பாஸுக்கு நீளுகிறது! மேலே மலையில் உண்டியல் பணம் எண்ணுகிற பரகாமணியைப் பாருங்கள்: பை வைத்த சட்டையோடு எவரையும் உட்காரவிடுவதில்லை. கடவுளின் பணத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், அநாதையின் பணத்துக்கு எத்தனை மடங்கு வேண்டும்?

ஆகவே நான் கேட்பது மூன்றே. இனி இப்படிப்பட்ட கச்சேரிக்கு ஒரு பாஸ்கூடக் கூடாது. கலெக்டரே வந்தாலும் வரிசையில் நின்று சீட்டு வாங்கட்டும். முதலில் வந்தவருக்கு முதல் நாற்காலி. தேங்காய் விற்கிறவளை எழுப்பி மைத்துனரை உட்காரவைக்கிற தொண்டர் நமக்கு வேண்டாம். வரவும் செலவும் பைசா சுத்தமாக, கச்சேரி நடந்த வாரத்துக்குள் மேடையிலேயே படிக்கப்பட வேண்டும்.

விழாக் குழுச் செயலாளர் அதோ பின்வரிசையில் இருக்கிறார். நழுவ வேண்டாம், ஐயா. உங்கள்மீது எனக்குத் துவேஷம் இல்லை. கணக்குப் புத்தகத்தோடு மேடைக்கு வாருங்கள். பொன்னாடைச் செலவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒலிபெருக்கியை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் உட்காருகிறேன்.